மெய்ப்பார் ஐவர் வேண்டும் என்ற ஓலை

மழை பொய்யாத செங்குவளை நாட்டில், பன்னிரு கல்விச்சாலைகளுக்கும் குடைநிழல் தரும் வேந்தர் எழில்மாறனாரின் திருவாணைப்படி, ஓலைநாயகம் காரிச்சாத்தன் எழுதுவிப்பது. ஆம்பற்சாலைத் தலைவர், பெரும்புலவர் நெடுங்கண்ணனார் கண்டருள்க. தங்கள் சாலையில் விளக்கும் விவாதமும் அணையாதிருக்கட்டும்.

கடந்த திங்கள் ஊர்தோறும் சென்ற பணியோலையைத் தாங்கள் அறிவீர்கள். இலக்கண ஆசிரியர் மூவருக்கு ஆளுக்கு ஆண்டொன்றில் எண்பது கலம் நெல், வானூல் கணிப்பார் ஒருவருக்கு எழுபது, படியெடுத்த ஏடுகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை காணும் மெய்ப்பார் ஐவருக்கு ஆளுக்கு அறுபது கலமும் இரண்டு ஆடையும் என்று அதில் கண்டிருந்தது. ஓலையிலே எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் ஒரே கொம்பு அல்லவா? சந்தையில் வாசித்தவன் மெய்ப்பாரை நீட்டி, மேய்ப்பார் என்று கூவிவிட்டான். பாவம், அவன் வாய் அவ்வளவு தாராளம்.

அதைக் கேட்டுத் தங்கள் சாலைக்கு வந்தவள் முல்லைக்கரை ஆட்டுக்காரி கொற்றி. அரசர் ஓலையை நம்பித் தன் முப்பது ஆடுகளையும் விற்றுவிட்டு வந்தாள். தாங்களோ அவளை வாயிலோடு நிறுத்தி, எழுத்தறியாதவளைத் துரத்திவிட ஆணை வேண்டி எழுதினீர்கள். திரும்பிப் போனால் மேய்க்க ஒரு குட்டிகூட இல்லை என்பதைத் தங்கள் ஓலை சொல்லவில்லை. அவளே தலைநகருக்கு நடந்து வந்து சொன்னாள்.

இதை எழுதுவிக்கும் ஓலைநாயகத்துக்குச் சினம் வந்தது உண்மை. ஆனால் ஆவல் முந்திக்கொண்டது. அறுபது கலம் கூலிக்கு எத்தனை ஆடு இருக்குமென்று எண்ணி வந்தாய் என அவர் வினவினார். எத்தனையானால் என்ன ஐயா, ஒன்றின் முகம்போல் இன்னொன்று இராது, மந்தையில் ஒன்று மாறினாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று அவள் விடை பகர்ந்தாள். அந்தச் சொல் அவரை விடவில்லை. மருத்துவ நூலின் மூல ஏட்டையும், தங்கள் சாலையில் எடுத்த படியையும் அவள்முன் அருகருகே வைத்தார்.

விரலால் தடவிக்கொண்டே போனவள் ஏழாம் வரியில் நின்றாள். ஐயையோ, இதற்கு ஒரு காலைக் காணோமே என்றாள். எழுத்துக்கும் கால் உண்டென்று அவளுக்கு யார் சொன்னார்கள்! ஓலைநாயகம் குனிந்து பார்த்தார். மூலத்தில் பால் விட்டரைக்க என்றிருந்தது, படியில் பல் விட்டரைக்க என்று ஆகியிருந்தது. மருத்துவன் யார் பல்லைப் பிடுங்கப் போவான்? வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஓலைநாயகமும் அந்தப் படியை இருமுறை படித்தவர்தாம். இருமுறையும் பால் என்றே படித்தார். நூலை அறிந்ததால் வந்த வினை அது. அவளோ இருந்ததை மட்டும் பார்த்தாள். கடையேட்டில் பிழையற்றது என்று ஒப்பமிட்டவர் யாரென்பதைத் தாங்களே நினைவுகூர்க.

ஆதலால், கொற்றி இவ்வோலையுடனேயே ஆம்பற்சாலைக்கு வருகிறாள். அறுபது கலமும் இரண்டு ஆடையும் அவளுக்குக் குறைவற அளிக்கப்படுக. மற்ற நால்வரைத் தேர்வதிலும் அவள் சொல் கேட்கப்படுக. வேந்தர் இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்து, நாரை இலச்சினையைத் தம் கையாலேயே பதித்தருளினார்.

இன்னும் ஓர் ஆணை. அப்பணியின் பெயர் இனி மேய்ப்பார். அதற்காக எந்த ஏட்டையும் திருத்த வேண்டா, எழுத்து அதேதான். வாயால் மட்டும் சற்று நீட்டிச் சொல்க.