பிஸ்மி சொல்லி முடிப்பதற்குள்

ஆகஸ்ட் 12, செவ்வாய். பலமனேர்.

இன்று மதரஸாவில் பிள்ளைகளுக்கு மொபைலில் வினாடி வினா வைத்தேன். ஒரு கேள்விக்குப் பத்து வினாடி. அந்தப் பத்தை வைத்தது நான்தான்.

தொழுகைக்கு முன் செய்யும் ஒளுவில் எதற்குப் பிறகு எதைக் கழுவ வேண்டும் என்று எட்டு வயது ஷபானாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் இன்று ஒவ்வொரு கேள்வி வரும்போதும் கையை மடியில் வைத்துக்கொண்டு, அல்லாஹ்வின் பெயரால் தொடங்கும் பிஸ்மியை நிதானமாக முழுவதும் சொல்லிவிட்டுத்தான் படிக்கவே தொடங்கினாள். அதற்குள் நேரம் முடிந்துபோனது. எதையும் பிஸ்மி சொல்லித் தொடங்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான்.

பக்கத்தில் இருந்த நஸ்ரீன் சிரித்தாள். "இன்னாடி, ஓதிக்கினே கீற? தட்டுடி!" படிக்காமலே தட்டிய நஸ்ரீன் முதலிடம். ஷபானா கடைசி.

மதரஸாவை நடத்தும் ஹஜ்ரத் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். "நாளைலேர்ந்து இந்தப் பொண்ணு சின்னவங்களோட உக்காரட்டும்."

"இல்ல ஹஜ்ரத், அது வந்து..." என்றேன்.

"டிகிரி படிச்ச பொண்ணு நீ வச்ச பரீட்சை, தப்பா இருக்குமாம்மா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டின் முதல் டிகிரி. ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்கக்கூட உதவவில்லை.

செருப்பு மாட்டிக்கொண்டே ஷபானா என்னிடம் கேட்டாள். "ஆபா, மொபைலுக்கு மட்டும் பிஸ்மி வேணாமா?"

பத்து வினாடியை அறுபதாக மாற்றிவிட்டேன். அது சுலபம். நாளை ஹஜ்ரத்திடம் சொல்ல வேண்டியதை இப்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.