போகப்போகிறவர்கள்

செவ்வாய், இரவு.

ஃபேக்டரியில் யார் யார் வேலையை விடக்கூடும் என்று கணித்துக் கொடுத்தது நான்தான். அவர்களைத் தக்கவைக்கத்தான் ஹெச்ஆரில் கேட்கிறார்கள் என்று நம்பினேன். முட்டாள். மேனேஜர் இன்று அத்தனை பேரையும் சூப்பர்வைசர் ட்ரெயினிங்கிலிருந்து தூக்கிவிட்டார். "போகப்போறவங்களுக்கு எதுக்குங்க ட்ரெயினிங்?" என்கிறார்.

அவர்களில் செல்வியும் ஒருத்தி. வேலையை விடும் எண்ணமே அவளுக்குக் கிடையாது. வீடு திருவிடந்தையில், தூரம் அதிகம். தூரத்திலிருந்து வருகிறவர்கள் விட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு; அதனால்தான் என் பட்டியலில் அவள் பெயர் வந்தது.

சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "ட்ரெயினிங் லிஸ்ட்ல எம்பேரு ஏன்க்கா இல்ல? நான் இன்னா தப்பு பண்ணேன்?" நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிங்கப்பெருமாள் கோயிலில் நான் இறங்கும்போது சொன்னாள்: "இனிமே இங்க இன்னாக்கா கீது? வேற எடம் பாக்க வேண்டியதுதான்."

போய்விடுவாள். என் கணிப்பு பலித்துவிட்டதென்று மேனேஜர் மீட்டிங்கில் எனக்குக் கைதட்டச் சொல்வார்.