இடப்பக்கம் பறந்த ரொக்கட்

என் அன்பு ராஜா அண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. நினைவுத் திருப்பலி நல்லபடி முடிந்தது. அண்ணி சுகம். முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. வீட்டுக்குக் கீழே துறைமுகம் அப்படியேதான் கிடக்கிறது. நீங்கள் முப்பது வருடம் மின்சார வயர் இழுத்த கட்டடங்களில் ஒன்றுக்கு இப்போது நீல நிறம் பூசியிருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்பீர்கள்.

போன மாதம் உங்களுக்கு ஒரு விழா எடுத்தார்கள். அதில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்களுக்கென்று எழுதினாலும் ஊரும் வாசிக்கட்டும் என்றே பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் படங்களைப் பற்றி என் மனதில் இருந்ததை ஒருமுறை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருந்தபோது நீங்கள் என்னைச் சொல்லி முடிக்க விட்டதில்லை. வெள்ளைக்காரன் அந்தக் காலத்தில் எடுத்த, சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் போகிற கறுப்பு வெள்ளைப் படங்கள். லண்டனில் இருந்து உங்கள் மகன் ரூபன் அவற்றைத் தேடித் தேடி அனுப்ப, நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் சாறமும் உடுத்துக்கொண்டு பூசைக்கு இருப்பதுபோல இருந்து பார்ப்பீர்கள்.

குப்பை, அண்ணா. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ரொக்கட் என்று அவர்கள் காட்டியது பவுடர் பேணிக்கு வால் ஒட்டின சாமான். நூலில் தொங்குவது என் கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரிந்தது. உள்ளே கந்தோரில் கிளாக்கர்மார் இருக்கிற மாதிரிக் கதிரைகள். கழுத்தில் டை கட்டிய நாலு ஆண்கள். காற்றே இல்லாத இடத்துக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே ஒருவன் வாயில் சுங்கானை வைத்துப் புகைப்பான். முப்பத்திரண்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் இதைப் பார்த்துச் சும்மா இருக்க ஏலுமா?

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணும் இருப்பாள். பெயருக்கு முன்னால் டொக்டர் பட்டம் இருக்கும். எல்லாக் கணக்கையும் போட்டவள் அவள்தான் என்று முதலில் சொல்வார்கள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டே வேலை: தேத்தண்ணி ஊற்றுவது, கத்துவது. கடைசியில் தலைவனைக் கலியாணம் முடிப்பாள். கணக்கு என்ன ஆனது என்று ஒருவனும் கேட்பதில்லை.

எண்ணெய் போதாது, பாரம் குறைக்கவேண்டும் என்று வந்தால் யார் சாவது? எப்போதும் கீழ்த்தட்டில் எஞ்சின் பார்க்கிற ஏழைதான். அவன் மற்றவர்களைச் சிரிக்கவைக்கப் பகிடி விட்டுக்கொண்டே செத்துப்போவான். மேலே உள்ளவர்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். யாரைத் தள்ளிவிடலாம் என்பதில் அவர்களுக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. சந்திரனில் கால் வைத்தவுடன் கொடி. அங்கே ஒருவரும் இல்லை என்பது தெரிந்தும் சுடுவதற்குத் துவக்கோடுதான் இறங்குவார்கள். எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தை விட்டுப் போகிற நேரத்தில் ஆகாயத்தைப் பிடிக்கக் கனவு கண்டிருக்கிறார்கள். வெட்கம் கெட்ட சனங்கள்.

இதையெல்லாம் நீங்கள் இரசித்தீர்கள். அதுதான் எனக்கு விளங்காமல் இருந்தது. கேட்டால் ஒரே கதைதான் சொல்வீர்கள். "எனக்கு ஒன்பது வயசு, மணி. டொக்யார்ட்டுக்குள்ளை நேவிக்காரருக்குப் படம் போடுவாங்கள். அப்பா என்ரை கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் முன்வரிசைக் கதிரையிலை இருத்தினவர். பக்கத்திலை இருந்த ஒபிசர் எனக்கு சொக்கிலேட் தந்தவன்." அப்போது நான் தொட்டிலில். அப்பா டொக்யார்ட்டில், வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்தில், காவல்காரர். அவருக்கு வெள்ளைக்காரன் கொடுத்த மதிப்பு என்று அந்தக் கதையை நீங்கள் சொல்ல, நானும் பெருமையாகக் கேட்டு வளர்ந்தேன்.

பிறகு, நீங்கள் போவதற்கு முந்தின அந்த ஓகஸ்ட் மாதம். ரூபன் குடும்பத்தோடு வந்து நின்றான். பெரிய டிவியில் அந்தப் படத்தைப் போட்டான். நீங்கள் சின்ன வயதில் பார்த்த அதே படம். பேரப்பிள்ளைகள் நிலத்தில் இருந்தார்கள். ரொக்கட் கிளம்பி வலப்பக்கமாகச் சாய்ந்து பறந்தது. நீங்கள் கதிரையை விட்டு எழும்பிவிட்டீர்கள்.

"இது பிழையான கொப்பி. ரொக்கட் இடப்பக்கம் எல்லோ போகவேணும்!"

"அப்பா, இது அசல் படம்" என்றான் ரூபன்.

"எனக்குத் தெரியாதோ? இடப்பக்கம்தான் போனது. கொடியிலையும் எல்லாம் மாறிக் கிடக்குது."

நான் குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்தேன். வகுப்பில் பிள்ளைகளின் பிழையைக் கண்டுபிடித்தால் வருகிற சந்தோசம் எனக்கு வந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

"அண்ணா, படம் சரி. ஆனா ஒரு இடத்திலை இருந்து பாத்தா மட்டும் எல்லாம் இடம் வலமாத் தெரியும். எந்த இடம் சொல்லுங்கோ பாப்பம்? திரைக்குப் பின்பக்கம். நீங்கள் முன்வரிசைக் கதிரையிலை இருக்கேல்லை. பின்னாலை, நிலத்திலை இருந்திருக்கிறியள். சொக்கிலேட்டும் பொய்தானே?"

பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.  நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு முற்றத்துக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்துவிட்டீர்கள். அந்தப் பார்வை கோபம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் படம் பார்க்கவும் இல்லை, அந்தக் கதையைச் சொல்லவும் இல்லை. அடுத்த தவக்காலம் தொடங்குமுன் போய்விட்டீர்கள்.

இனி விழாவுக்கு வருகிறேன்.

நகரத்தில் ஒரு கலைக் கழகம். நீங்கள் இருந்தபோது உங்கள் வாசலை மிதிக்காதவர்கள். 'விண்வெளித் திரையின் இரசிகர்' என்று உங்கள் படத்தோடு ஒரு சிறு நினைவு மலர் அச்சடித்து, நீங்கள் ஊரெல்லாம் சொல்லி வைத்த முன்வரிசைக் கதையையும் அதில் போட்டார்கள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு மண்டபம், பின்னேரம் மூன்று மணி, ஜன்னல் சீலை எல்லாம் இழுத்து மூடி அதே படத்தைப் போட்டார்கள். படம் முடிய வெளிச்சத்தைப் போட்டுவிட்டுத் தலைவர் எழும்பினார். வெள்ளை சேட்டு, கையில் தாள்.

"ஆங்கிலேயர் காலத்திலே, ஒரு காவலாளியின் மகனைக்கூட அதிகாரிகளுக்குச் சமமாக முன்வரிசையில் இருத்திப் படம் காட்டினார்கள். அந்தப் பண்பு இன்றைக்கு எங்கே? விண்ணை நோக்கிப் பார்க்க எங்களுக்குக் கற்றுத் தந்தவர்கள் அவர்கள்!"

கைதட்டினார்கள். அண்ணா, அந்தக் கைதட்டலைக் கேட்க நீங்கள் இல்லாதது நல்லது. வால் ஒட்டின பேணி எங்களுக்கு வானத்தைக் காட்டியதாம். அதற்கு முன்னர் இந்த ஊரில் ஒருவரும் தலையை நிமிர்த்தியதே இல்லையாம். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் துரைக்கு நன்றி சொல்ல ஒரு தாளில் எழுதிக்கொண்டு வருகிறான் மனுசன்.

தங்கை என்று என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். போனேன்.

"என்ரை அண்ணா அந்தப் படத்தை முன்னாலை இருந்து பாக்கேல்லை. திரைக்குப் பின்னாலை, நிலத்திலை இருந்து பாத்தவர். சமமும் இல்லை, கதிரையும் இல்லை. மலரிலை எழுதினதைத் திருத்துங்கோ."

தலைவர் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "ரீச்சர், நினைவு நாளிலை இந்தக் கதை தேவையோ? செத்த மனுசனைப் பொய்க்காரன் ஆக்கிறியளே." அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். மண்டபம் முழுக்க என்னைத்தான் பார்த்தது.

அப்போது பின்வரிசையில் ஒரு வயதானவர் எழும்பினார். வெள்ளைத் தொப்பி, கையில் ஊன்றுகோல். கிண்ணியாவில் இருந்து பஸ்ஸில் வந்தவர், பெயர் ஹனிபா. அவருடைய வாப்பாவும் டொக்யார்ட்டில்தான் வேலை செய்தாராம்.

"ரீச்சர் சொல்றது சரி. நானும் திரைக்குப் பின்னுக்குத்தான் இருந்த. எங்கட ஆக்கள் எல்லாரும் பின்னுக்குத்தான். திரையில வாற இங்கிலீசு எழுத்தெல்லாம் திரும்பித் தெரியும், ஒருத்தருக்கும் வாசிக்க ஏலாது. ராஜா மட்டும் அதத் திருப்பி வாசிச்சித் தமிழில சொல்லுவார். அவர் சொல்லித்தான் நாங்க படம் பாத்த."

அவர் திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார். இந்தமுறை ஒருவரும் கைதட்டவில்லை. தலைவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

வெளியே படிக்கட்டில் ஹனிபா நானா (அவர்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு விசயம் உள்ளுக்கு வைச்சிச் சொல்லல்ல, தங்கச்சி. அது உங்கட குடும்பத்துக் கதை. உங்களுக்குத் தெரியுமோ தெரியா."

"சொல்லுங்கோ, நானா."

"திரைக்குப் பக்கத்தில ஒரு கயிறு கட்டியிருக்கும். எங்கள அந்தப் பக்கம் போக விடாம அதில ஒரு ஆள் நிப்பார். அந்த ஆள் உங்கட அப்பாதான்."

"எங்கட அப்பாவோ?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் ராஜா கயித்துக்குக் கீழால பூந்து போய் முன்வரிசைக் கதிரையில இருந்திட்டார். வெள்ளைக்காரன் ஒரு சொல்லும் சொல்லல்ல. விரலால காட்டினான், அவ்வளவுதான். உங்கட அப்பா ஓடிப்போய், எல்லாரும் பாக்க, காதப் பிடிச்சி இழுத்துக்கொண்டு வந்து எங்களோட விட்டார். நாங்க சின்னப் பொடியன்மார், சிரிச்ச. ராஜா அழல்ல. கொஞ்ச நேரத்தால எழுத்து வாசிக்கத் தொடங்கிட்டார். உங்கட அப்பா அண்டைக்கு முழுக்க எங்கட பக்கம் திரும்பிப் பாக்கல்ல."

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் கேட்டேன். அவள் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"ஓம், எனக்குத் தெரியும். கலியாணம் முடிச்ச வருசமே சொன்னவர்."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"உனக்கு மட்டும் சொல்லவேண்டாம் எண்டவர். 'அவள் அப்பாவைப் பெரிசா நினைச்சுக்கொண்டு இருக்கிறாள், அப்பிடியே இருக்கட்டும்' எண்டவர். அண்டைக்கு டிவிக்கு முன்னாலை நீ சிரிச்சபோதும் நான் வாய் திறக்கப் பாத்தன். என்னைப் பாத்துக் கண்ணாலை வேண்டாம் எண்டிட்டார்."

அண்ணா, நான் என்ன சொல்ல? பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் உங்களைப் பொய்க்காரன் என்று நிரூபித்தேன். அதற்கு உங்களிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதைச் சொன்னால் அப்பா கயிற்றடியில் நிற்பது எனக்குத் தெரிந்துவிடும். அதனால் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தீர்கள். வெள்ளைக்காரனின் படத்தை இகழ்ந்ததற்காக நான் வருந்தவில்லை. உங்களை இகழ்ந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

அப்பாவை என்ன செய்வது? பல நாள் யோசித்தேன். அவர் அன்று பிள்ளையின் காதைப் பிடிக்காமல் விட்டிருந்தால் அடுத்த நாள் வேலை இருந்திருக்குமா? வீட்டில் நான் கைக்குழந்தை. அவரைக் குறைசொல்ல என்னால் ஏலாது. விரலால் காட்டினவனை ஏலும். அவன் கையையே அழுக்காக்கவில்லை, ஒரு தகப்பனின் கையைக் கொண்டு வேலையை முடித்தான். அவனுடைய ஆட்கள் எடுத்த படத்தில்தான் மனிதகுலம் முழுக்க ஒன்றாகச் சந்திரனுக்குப் போகிறதாம்!

எழுபது வருடம் நீங்கள் மூடி வைத்ததை ஏன் ஊரறியப் போட்டு உடைக்கிறேன் என்று கோபப்படாதீர்கள். நீங்கள் சொன்ன பொய் அப்பாவுக்காகச் சொன்னது. அதை அந்தத் தலைவர் போன்றவர்கள் எடுத்து வெள்ளைக்காரனுக்கு மாலையாகப் போட்டுவிட்டார்கள். அதற்கு விட என்னால் முடியவில்லை. நேற்று ரூபனுக்குத் தொலைபேசியில் எல்லாம் சொன்னேன்.  அவன், "மாமி, அவர் என்னென்ன வாசிச்சுச் சொன்னவர் எண்டு அந்த ஐயாவுக்கு ஞாபகம் இருக்குமோ?" என்று கேட்டான். வாற கிழமை கிண்ணியாவுக்குப் போய்க் கேட்டு எழுதி அனுப்புகிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. வெள்ளைக்காரன் எங்களுக்குக் கதிரை தந்தான் என்று இந்த ஊரில் எவர் மேடையில் சொன்னாலும், நடக்க ஏலும்வரை எழும்பி மறுப்பேன். இதை வாசித்துவிட்டு எவராவது அப்பாவை நினைத்துச் சிரித்தால், அந்த ஆளுக்கு முன்னாலும் எழும்பி நிற்பேன்.

இத்தனை வருடம் அப்பாவை நீங்கள் யாரிடமிருந்து காத்தீர்களோ, அந்தத் தங்கை,
மணி
ஓர்ஸ் ஹில், திருகோணமலை