பை யாருடையது என்று கேட்டார்கள்

நேற்று டிவியில் உங்கள் ஆளுக்கு இன்னொரு அவார்டு கொடுத்தார்கள். சினிமாவில் வாழ்நாள் சாதனையாம். முடிக்குக் கறுப்பு மை அடித்து, இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடையேற்ற, மைக்கைப் பிடித்து, "ரசிகர்கள்தான் என் குடும்பம்" என்றார். நான் அப்போதுதான் உப்பளத்து வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் செத்து நான்கு வருஷம் ஆனது மறந்துபோய், "வந்துட்டாருங்க உங்க சொந்தக்காரரு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டேன். உள்ளே மாலை போட்ட உங்கள் போட்டோதான் இருந்தது.

இருபது வருஷம் உங்களோடு குடும்பம் நடத்தினேன், ஒரு நாளும் எதிர்த்துப் பேசியதில்லை. ஊரில் எனக்கு நல்ல பெயர். அந்த நல்ல பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்று வரை தெரியவில்லை. ஆகையால் இதை எழுதுகிறேன். குறுக்கே பேச உங்களால் முடியாது என்பதும் ஒரு வசதிதான்.

உப்பளத்தில் நீங்கள் மேஸ்திரி. நீங்கள் ஒரு அதட்டு அதட்டினால் முப்பது பேர் கூடையைத் தலையில் ஏற்றிவிடுவார்கள். அந்த மனுஷன்தான் அவார்டு அறிவிக்கிற அன்று, ரிசல்ட் பார்க்கிற பிள்ளை மாதிரி நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மழை மாசத்தில் பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று வேலை இல்லாதபோது, ஒரு நோட்டில் சிறந்த நடிகர், சிறந்த வில்லன், சிறந்த சண்டை என்று நீங்களே எழுதி வைப்பீர்கள். வருஷா வருஷம் முதல் பெயர் ஒன்றேதான். "நம்மாளுக்கு அவார்டு தேவையில்ல செல்வி, அவார்டுக்குத்தான் நம்மாளு தேவை" என்பீர்கள். வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் மூன்று நாள் என் மீன் குழம்பில் உப்பு சரியில்லை. உப்பளத்து மேஸ்திரிக்கு அதைச் சொல்ல வெட்கமாகவும் இருக்காது.

எனக்கு அந்த விழாக்களைப் பிடிக்காது. வந்து உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் ஏதாவது ஒன்று உண்டு. வராதவன் நன்றாக நடித்திருந்தாலும் இல்லை. வாங்கினவர் அம்மாவுக்கு நன்றி சொல்வார், கடவுளுக்குச் சொல்வார், கடைசியில் ஞாபகம் வந்து மனைவிக்கும் சொல்வார். உடனே கேமரா அந்த அம்மாள் முகத்துக்குப் போகும், அவள் சிரிக்க வேண்டும். அவள் காலையிலிருந்து என்ன பட்டாளோ யாருக்குத் தெரியும்.

நம் பாப்பாவுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது ரசிகர் மன்றத்துக் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்தது. மலேசியாவில் அவார்டு விழா, குடும்பத்தோடு போகலாம். ஒரு வாரம் நீங்கள் தரையில் நடக்கவில்லை. மழை முடிந்து முதலில் வாரும் உப்பில் ஒரு கைப்பிடியை, நல்லா இருக்கணும் என்று நாம் நினைக்கிற ஒருத்தருக்குக் கொடுப்பது நம் தெரு வழக்கம். கல்யாணமான வருஷம் எனக்குக் கொடுத்தீர்கள். பாப்பா பிறந்த வருஷம் அவளுக்கு. அந்த வருஷம் உங்கள் ஆளுக்கு.

உப்புக்காரருக்கு ஈரம் என்றால்தானே பயம். கைப்பிடி என்பது ஒரு கிலோ ஆயிற்று. நைசாகச் சலித்து, மூன்று பாலிதீன் பையில் கட்டி, பால் பவுடர் டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் மேல் மெழுகும் உருக்கி ஊற்றினீர்கள். ஒரு பொட்டு காற்று போகாது என்று தட்டிக் காட்டினீர்கள். பிறகு உங்கள் ஆளின் முகம் அச்சடித்த உங்கள் பையில் அதை வைத்தீர்கள். விமானத்தில் போகும்போது நீங்கள்தான் சொன்னீர்கள்: "அந்த ஊர்ல போதைப் பவுடர் கடத்துனா தூக்குதான். நம்மாளு படத்துலயே வருதே."

விமானம் இறங்கியதும் நான் பாத்ரூம் போனேன். திரும்பி வந்தபோது சோதனை மேசை மேல் டப்பா இருந்தது. சுற்றி நான்கு அதிகாரிகள். தமிழ் பேசுகிற ஒரு அம்மா என்னிடம் வந்து, "இது உங்க பைன்னு உங்க புருஷன் சொல்றாரு. சரிதானா?" என்றார். நீங்கள் பத்தடி தள்ளி, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வெளியே மன்றத்து வேன் காத்திருந்தது. விழா ஆறு மணிக்கு.

"ஆமா" என்றேன். ஏன் சொன்னேன் என்று பதினான்கு வருஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். அன்பினால் என்று சொன்னால் பொய். நாலு பேர் முன்னால் உங்களைப் பொய்யர் ஆக்கக்கூடாது என்ற பழக்கம், அவ்வளவுதான்.

விழாவுக்குப் போகும்போது என் பக்கம் வந்து, "உப்புதான செல்வி, டெஸ்ட் பண்ணிட்டு விட்ருவாங்க. நீ பயப்படாத" என்றீர்கள். உங்களுக்கே பயமில்லை என்றால் உங்கள் பை என்றே சொல்லியிருக்கலாமே. பாப்பாவை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தீர்கள். அவள் மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு மணி நேரம் அவர்கள் விசாரணை அறையில் இருந்தேன். உப்புதான் என்று காட்ட ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன். ஆதாரத்தை விழுங்குகிறேன் என்று நினைத்து இரண்டு பேர் என் கையை முறுக்கிப் பிடித்தார்கள். என்னைத் தூக்கில் போட்டால் பாப்பாவுக்கு யார் தலை பின்னுவார்கள் என்றுதான் யோசனை ஓடியது. உங்களுக்குப் பின்னத் தெரியாது. சாயந்திரம் டெஸ்ட்டில் உப்பு என்று தெரிந்ததும் அந்த அதிகாரி அம்மாவே டீ வாங்கிக் கொடுத்து டாக்சியும் ஏற்றிவிட்டார். "உங்க ஊர்ல புருஷங்க எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார். சிரித்து வைத்தேன்.

மறுநாள் ஓட்டலில் இட்லி சாப்பிடும்போது என்னிடம் முதலில் கேட்டது என்ன, ஞாபகம் இருக்கிறதா? "டப்பாவத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றீர்கள். இல்லை என்றதும் முகம் வாடிவிட்டது. பிறகு உங்கள் ஆள் மேடையில் பேசியதைச் சொன்னீர்கள். ரசிகர்கள்தான் என் குடும்பம் என்றாராம். சொல்லும்போதே உங்களுக்குக் கண்ணீர் வந்தது. அவருக்கு அன்று கொடுத்த அவார்டு தப்பான ஆளுக்குப் போனது என்று நினைத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் கண்கூட இமைக்காமல் நடித்தவர் என் எதிரில் சட்னி தொட்டுக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு பத்து வருஷம் வாழ்ந்தோம். நீங்கள் அதைப் பேசவில்லை, நானும் பேசவில்லை. என்றைக்காவது சாகும் முன் மன்னிப்புக் கேட்பீர்கள் என்று இருந்தேன். நீங்கள் பாத்தி வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நிமிஷத்தில் போய்விட்டீர்கள். சாவு வீட்டில் எல்லாரும் அழுதார்கள். நானும் அழுதேன், கோபத்தில்.

நேற்று அந்த நிகழ்ச்சி ஓடும்போதே பாப்பா வானூர் ஆபீசிலிருந்து வந்தாள். டிவியைப் பார்த்தாள், ரிமோட்டை எடுத்து அணைத்தாள். பையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மலேசியாவுல நீ பாத்ரூம் போயிருந்தப்ப அந்த ஆபீசரம்மா அப்பா சொன்னத நம்பல. ஆம்பளப் பையி மாதிரி இருக்குதேன்னாங்க. அப்புறம் குனிஞ்சி என்னக் கேட்டாங்க. அப்பா என் கைய அழுத்துனாரு. நான் அம்மாதுன்னு சொல்லிட்டேன். நான் சொன்னப்புறம்தாம்மா உன்ன இட்டுனு போனாங்க."

இருபத்து மூன்று வயசுப் பெண். இத்தனை வருஷம் இதை வைத்துக்கொண்டுதான் என்னிடம் ஒன்றுக்கும் அடம் பிடிக்காமல் வளர்ந்திருக்கிறாள். நல்ல பிள்ளை என்று நான் ஊரெல்லாம் பெருமை பேசினேன். உங்கள் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது.

"பைத்தியமாடி உனக்கு? அது என் பையிதான்" என்றேன். "டப்பாவ வெச்சதே நான்தான். உங்கப்பா வேணாம்னாரு, நான்தான் கேக்கல. நீ சின்னப் புள்ள, உனக்கு என்னா தெரியும்?"

"நெஜமாவாம்மா? அப்போ அப்பா பொய் சொல்லலியா?"

"இல்ல" என்றேன்.

ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள், எழுந்து முகம் கழுவினாள், சாப்பாடு கேட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். இன்று காலை வேலைக்குப் போகும்போது உங்கள் போட்டோவுக்குப் புது மாலை வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று அந்த மேசையில் சொன்னேன், நேற்று இவளிடமும் சொன்னேன். இனி இந்த வீட்டில் அது என் பைதான். உங்களைப் பற்றி என் பெண்ணிடம் ஒரு வார்த்தை குறை சொல்ல எனக்கு வழியில்லை. நான் உங்களை மன்னிக்கவில்லை. அதை அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொண்டு, நாள்தோறும் அந்தப் போட்டோவுக்கு முன்னால் விளக்கேற்ற வேண்டும்.