எலுமிச்சம்பழத்தின் மேல் ஹெலிகாப்டர்

புரட்டாசி 24, ஆயுதபூஜை.

நீண்ட ஆலோசனைக்குப் பின், என் ராணுவ ஹெலிகாப்டர் மாடலின் அடிப்பாகத்துக்குச் சாம்பல் நிறமே என்று இன்று காலை முடிவெடுத்தேன். எட்டு மாத வேலையில் ஞாயிற்றுக்கிழமை மாடல் கண்காட்சிக்குள் அது மட்டும்தான் பாக்கி. மேலகரத்தில் பட்டறை வைத்திருக்கும் சுடலையிடம் ஸ்பிரே அடிக்கக் கொடுத்தேன். தென்காசியிலேயே அதைப் பொம்மை என்று சொல்லாத ஒரே நண்பன். கண்காட்சிக்கு எனக்காகப் பெயர் கொடுத்து வந்ததும் அவன்தான்.

சாயங்காலம் போனால், ஹெலிகாப்டர் மூக்கில் குங்குமத்தோடு மேஜைமேல் நிற்கிறது. "எட்டு மாசமா ஒத்தையில உக்காந்து செஞ்சேன்லா" என்று சுடலை வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டும் குரல் மாறவில்லை.

"வாங்கண்ணாச்சி. புது வண்டில்லா, எலுமிச்சம்பழம் வைக்காண்டாமா?"

சின்னப் பழமாகப் பார்த்து முன்சக்கரத்தடியில் வைத்து அழுத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சக்கரம் முறிந்தது.

வீட்டுக்கு வந்து, விலகிக்கொள்வதாகச் சொல்லக் கண்காட்சிக்கு ஃபோன் செய்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை. ஹெலிகாப்டர் சுடலை பெயரில் இருக்கிறது.