மறுமுனை

ஜூன் 8

அன்புள்ள அப்பா,

நான் நலம். அம்மாவும் நலம் (எப்படியும் கேட்பீர்கள் என்று நானே எழுதிவிட்டேன்). உங்கள் வேலையைப் பற்றி வகுப்பில் கட்டுரை வாசிக்க வேண்டும். அம்மாவைக் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ" என்கிறார். 'ஏதோ' என்று கட்டுரையில் எழுத முடியுமா? விளக்கமாக எழுதுங்கள். உங்கள் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறதல்லவா? எப்போது வருகிறீர்கள்?

உங்கள் புத்தகப்புழு

ஜூன் 19

என் புழுவுக்கு,

ஒரு சர்க்யூட் போர்டில் என்னென்ன பாகம் இருக்கிறதென்று கம்ப்யூட்டருக்குத் தானாகத் தெரியாது. 'டிவைஸ் ட்ரீ' என்ற கோப்பில் நாங்கள்தான் எழுதிச் சொல்கிறோம். என் பங்கு யூ.எஸ்.பி.-சி போர்ட், அதாவது சார்ஜர் செருகும் ஓட்டை. அது மின்சாரம் கொடுக்குமா, வாங்குமா, இரண்டுமா, எந்தச் சிப்போடு சேர்கிறது, எல்லாம் எழுத வேண்டும். போர்ட்டின் கீழே சிப்பைக் குறிப்பிட்டால் போதாது. சிப்பின் கீழேயும் போர்ட்டைக் குறிப்பிட வேண்டும். ஒரு பக்கம் விட்டாலும் இணைப்பு இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள்?

அப்பா

ஜூன் 27

அன்புள்ள அப்பா,

கட்டுரைக்குக் கைதட்டல் கிடைத்தது. "சார்ஜர் ஓட்டைக்கு ஜாதகம் எழுதறவராடி உங்கப்பா?" என்று தோழி கேலி செய்தாள்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அம்மாவைப் பற்றி என்னிடம் கேட்கிறீர்கள். அம்மாவும் உங்களைப் பற்றி என்னிடம்தான் கேட்கிறார். இரண்டு பேரும் என்னைத்தான் குறிப்பிடுகிறீர்கள். இதற்குப் பெயர் இணைப்பா, அப்பா?

எப்போது வருகிறீர்கள் என்பதற்கும் பதில் இல்லை.

புழு

ஜூலை 9

கண்ணு,

இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், உன் கடிதம் வருவதற்கு முன்பே. போன தடவையும் அம்மாவைக் கேட்காமல்தான் போட்டேன். அன்றிலிருந்துதான் அவள் என்னோடு பேசுவதில்லை. இப்போது எந்த முகத்தோடு சொல்வேன்? நீ பக்குவமாகச் சொல்லிவிடு. நீ சொன்னால் கேட்பாள்.

அப்பா

ஜூலை 20

அன்புள்ள அப்பா,

பக்குவமாகச் சொல்லக் கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தேன். வரவில்லை. கடைசியில் உங்கள் கடிதத்தையே அம்மா கையில் கொடுத்துவிட்டேன். கொடுத்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே படித்தார். "கையெழுத்து மட்டும் நல்லா போடுவாரு" என்றார். பிறகு என்னிடம் பேனா கேட்டார். ஓடிப்போய்க் காகிதமும் சேர்த்துக் கொண்டுவந்தேன், அப்பா. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பேனாவைத் திறந்து காகிதத்தின் மேல் பிடித்தவர், அதை மூடி என்னிடமே நீட்டினார்.

"எழுதலையாம்மா?"

"கேட்டிருந்தா பதில் எழுதலாம். முடிவு பண்ணிச் சொன்னதுக்கு என்னடி எழுதறது?"

உங்கள் மகள்