பச்சை மையில் ஒன்பது

அக்கா,

போன சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு உங்கள் கையெழுத்தைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கையிலிருந்த தேநீர் மடியில் கொட்டியதுகூட எனக்கு உடனே உறைக்கவில்லை.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதமும் நாம் சேர்ந்து பார்த்த அந்தச் சனிக்கிழமை நகைச்சுவை நிகழ்ச்சியை நான் போடவே இல்லை. அன்றைக்கு என்னவோ, துணி மடித்துக்கொண்டே டிவியைப் போட்டுவிட்டேன். பழைய பகுதியைத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாம் இரண்டு பேரும் ஆயர் குரோ மண்டபத்துக்கு நேரில் போய்ப் பார்த்தோமே, அதே பகுதி. அறிவிப்பாளர் பிஸ்கட் டின்னுக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்தார். மற்றவர்கள் எல்லாரும் மண்டபத்தில் கொடுத்த மஞ்சள் தாளில் எழுதிப் போட்டிருந்தார்கள். இது மட்டும் நாள்காட்டியில் கிழித்த தாள். கேமரா அதன் அருகே போனது. பச்சை மை. 'ற'வுக்குக் கீழே நீங்கள் இழுத்துவிடுகிற அந்த நீள வால்.

"ஒருத்திக்குப் பெரிய வியாதி. வீட்டில் யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டுத் தோழி டீ குடிக்க வருகிறாள்."

மூன்றே வரி. அன்று மண்டபத்தில் அறிவிப்பாளர் இதை வாசித்தபோது நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். யாரோ எழுதியது என்று நினைத்தேன். "நல்ல சீட்டு லா இது" என்று உங்கள் தொடையில் தட்டினேன். தட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் என்னைக் கொல்கிறது.

நாம் அந்த நிகழ்ச்சியைப் பார்த்த விதத்தை வேறு யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். நாலு பேர் மேடையில் நிற்பார்கள். எழுதிய வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. யாரோ ஒருவர் எழுதிப்போட்ட சீட்டை எடுத்து, எடுத்த நிமிடமே நடிக்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். ஊரெல்லாம் சிரிப்பதற்காகப் பார்த்தது. நாம் பரீட்சைத் தாள் திருத்துவது போலப் பார்த்தோம். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தைலப் புட்டியும் மூக்குக் கண்ணாடியுமாகப் பக்கத்து வீட்டிலிருந்து என் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு வருவீர்கள். அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போடுவீர்கள். இடது பக்கம் உங்கள் மதிப்பெண், வலது பக்கம் என்னுடையது.

புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் இருபது வருடம் க்யூசியில் சாமான்களின் தரம் பார்த்தவர் நீங்கள். பச்சைப் பேனா பாஸ், சிவப்புப் பேனா ரிஜெக்ட். அந்தப் பேனாக்கள் வேலையை விட்ட பிறகும் உங்கள் கைப்பையில் இருந்தன. மேடையில் நிற்கும் அந்த நாலு ஆட்டக்காரர்களுக்கும் நீங்களே பெயர் வைத்தீர்கள்: நெட்டையன், கண்ணாடிக்காரி, சுருட்டை, புதுசு. நிஜப் பெயரை நான் சொன்னால் யார் என்று கேட்பீர்கள். ஏழுக்கு மேல் ஒருவருக்கும் போட்டதில்லை. நான் எட்டு, ஒன்பது என்று அள்ளிவிடுவேன். "உனக்கு எல்லாமே பாஸ். உன்னை லைன்ல உட்கார வச்சா கம்பெனி மூடிடும்" என்பீர்கள்.

நான் ரசித்து ரசித்துச் சிரித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று கையை நீட்டி ஒலியைக் குறைப்பீர்கள். "இப்ப அவன் சொன்னானே, அது இப்ப வந்தது இல்ல. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே சமைச்சு வச்சது. பழைய சோறு லா. அவன் கண்ணைப் பாரு. புதுசா வந்து விழுந்தா பேசறவனுக்கே கொஞ்சம் திக்குன்னு இருக்கும்." நான் நம்ப மாட்டேன், சண்டை போடுவேன். என் வீட்டுக்காரர் பூப்பந்து ஆடிவிட்டு வந்து, "இன்னும் தீர்ப்பு வரலையா?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போவார்.

உங்களிடம் ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. "குடுத்தா வாங்கணும்." முதல் வருடமே சொல்லிக்கொடுத்தீர்கள். ஒருத்தி மேடையில் வந்து, "அப்பா, கதவைத் தொறங்க" என்றால், எதிரில் நிற்கிறவன் அந்த நிமிடத்திலிருந்து அப்பா. அங்கே ஒரு கதவு இருக்கிறது. அவன் திறந்தே ஆக வேண்டும். 'நான் உன் அப்பா இல்லை' என்று சொல்லிக் கைதட்டல் வாங்குகிறவனுக்கு நீங்கள் சிவப்புப் பேனா எடுப்பீர்கள். "லைன்ல பக்கத்து ஆள் தள்ளற சாமானை நீ கையில வாங்கலைன்னா அது கீழ விழும். விழுந்தா யார் தப்பு? தள்ளினவ தப்பு இல்ல." இப்படி யாரும் எந்தப் புத்தகத்திலும் உங்களுக்குச் சொல்லியிருக்க முடியாது. செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் ஆறாம் வகுப்போடு நின்றவர் நீங்கள். நான் படித்தவள் என்று பெயர், உங்களிடம்தான் நகைச்சுவை படித்தேன்.

மண்டபத்துக்குப் போன நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவுச் சீட்டு கிடைத்ததும் நான் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். என் காடியில்தான், நான் ஓட்டித்தான் போனோம். நீங்கள் அந்த நீலச் சேலை. ஜாக்கெட்டு தொளதொளவென்று இருந்தது. மண்டபத்தில் மஞ்சள் தாள் கொடுத்தார்கள். நான் 'பாசாரில் தொலைந்த செருப்பு' என்று எழுதிப் போட்டேன். நீங்கள் மஞ்சள் தாளை மடித்துப் பையில் வைத்தீர்கள். "எனக்கு ஒண்ணும் தோணலை" என்றீர்கள். பிறகு கழிவறைக்குப் போவதாகச் சொல்லி எழுந்து போனீர்கள். டின் வாசல் பக்கம்தான் இருந்தது என்பது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அந்த மூன்று வரிச் சீட்டை வாசித்ததும் கண்ணாடிக்காரி வியாதிக்காரியானாள். நெட்டையன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுத் தோழியாக வந்தான். உட்கார்ந்ததும் உட்காராததுமாக ஆரம்பித்தான்.

"அக்கா! எப்படி இப்படி மெலிஞ்சீங்க? என்னா சாப்பிடறீங்க? எனக்கும் அதையே ஒரு பாட்டில் வாங்கிக் குடுங்க லா!"

மண்டபம் அதிர்ந்தது. கண்ணாடிக்காரி மேசையிலிருந்த மருந்துப் புட்டியை நகர்த்தினாள். அவன் அதை மோந்து பார்த்துவிட்டுத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள், "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். அவன், "முதல்ல என் கதையைக் கேளுங்க" என்று பூனைக் கதையைத் தொடங்கினான். இரண்டாவது தடவை சொன்னாள். அவன் கறிவேப்பிலைச் செடிக்குப் போனான். மூன்றாவது தடவை அவள் வாயைத் திறக்கும்போது மணி அடித்துவிட்டது. சொல்லவே இல்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

திரும்பி வரும் வழியில், எண்ணெய் நிலையத்தில் நிறுத்தி மதிப்பெண் போட்டோம். நான் அன்றைக்கு உங்களையே மடக்கிவிட்டதாக நினைத்துப் பெருமையாகப் பேசினேன். "நெட்டையன் அவ குடுத்தது ஒண்ணையும் வாங்கலைக்கா. உங்க சட்டப்படி ரிஜெக்ட். அதோட, இப்படி ஒரு மக்கு இருப்பாளா? பக்கத்துலயே உட்கார்ந்துகிட்டு ஒண்ணும் தெரியாம? நம்பற மாதிரியே இல்ல. நாலுதான்."

நீங்கள் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடினீர்கள்.

"அவன் எல்லாத்தையும் வாங்கிட்டான் லா. வாங்கினவனாலதான் வாங்காத ஆளை அப்படி நடிக்க முடியும்." பிறகு, சாலையைப் பார்த்துக்கொண்டே, "அப்படி ஒருத்தி இருப்பா. நல்லவளாவும் இருப்பா" என்றீர்கள்.

ஒன்பது போட்டீர்கள். நீங்கள்! நான் "அலாமாக்!" என்று வியந்து கத்தினேன். உங்களுக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கைவைத்துப் பார்த்தேன், விளையாட்டுக்கு. இரண்டு பேரும் சிரித்தோம்.

போன சனிக்கிழமை அதெல்லாம் திரும்ப என் முன்னால் நடந்தது அக்கா. நெட்டையன் 'எப்படி இப்படி மெலிஞ்சீங்க' என்றபோதுதான் எனக்கு உறைத்தது. அது என் வசனம். மண்டபத்துக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்னால், உங்கள் வீட்டு கேட்டில் நின்றுகொண்டு நான் சொன்னது. "எப்படிக்கா மெலிஞ்சீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க." அவன் அதை எங்கிருந்து எடுத்தான்? எங்கிருந்தும் எடுக்கவில்லை. அப்படி ஒருத்தி இருந்தால் என்ன சொல்வாள் என்று அந்த நிமிடத்தில் அவனுக்குத் தோன்றியிருக்கிறது. ஆட்டக்காரனுக்கு ஒரு நொடியில் தெரிந்தது, நான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்குத் தெரியவில்லை.

என் வேலை என்ன அக்கா? கிளினிக்கில் கவுண்டர். காலை எட்டு மணியிலிருந்து வருகிறவர்களிடம் எல்லாம், "என்னா செய்யுது? எத்தனை நாளா?" என்று கேட்டுக் கேட்டு அட்டையில் எழுதுவது. உங்கள் முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டியிருந்த பிளாஸ்தரை ஒரு சனிக்கிழமை பார்த்தேன். எறும்பு கடித்தது என்றீர்கள். இரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்தரை ஒரு நாளைக்கு இருபது கையில் பார்க்கிறவள் நான். எறும்புக்கு மருந்து தடவச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை தவறாமல் மஸ்ஜித் தானாவில் இருக்கும் உங்கள் தங்கையைப் பார்க்கப் போவதாகச் சொல்வீர்கள். தங்கை மேல் உங்களுக்கு எப்போது இவ்வளவு பாசம் வந்தது என்று கிண்டல் செய்தேன். பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள் என்பது, நீங்கள் அங்கே படுத்த பிறகு, கடைசிப் பத்து நாளில்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் அடக்கத்தன்று சர்ச்சில் ஃபாதர் உங்களைப் பொறுமையின் வடிவம் என்றார். ஒரு கோமாளியை இரண்டு நிமிடம் பொறுக்காதவர் நீங்கள், எனக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. அன்றும் எனக்கு உங்கள் மேல் கோபம்தான் அதிகம். மறைத்துவிட்டீர்களே என்ற கோபம். எட்டு மாதமாக அந்தக் கோபத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுதேன். இப்போது பார்த்தால், நீங்கள் மறைக்கவே இல்லை. பச்சை மையில் எழுதி, முன்னூறு பேர் நடுவே, என் காதில் விழும்படி வாசிக்க வைத்திருக்கிறீர்கள்.

நிகழ்ச்சி முடிவதற்குள் கேமரா ஒரு முறை பார்வையாளர் பக்கம் திரும்பியது. நாம் இருந்தோம். நான் தலையைப் பின்னால் சாய்த்து, வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் மேடையைப் பார்க்கவில்லை. உங்கள் ஆட்டம் மேடையில் நடக்கிறது, நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

செருப்புக்கூடப் போடாமல் உங்கள் வீட்டுக்கு ஓடினேன். உங்கள் வீட்டுக்கார அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன்.

"எப்ப நடந்தது அது? மண்டபம் போனது?"

சொன்னேன்.

"அப்ப எனக்கே தெரியாதும்மா. கடைசி மூணு மாசம்தான் எங்கிட்ட சொன்னா. நான் லாரி எடுத்துகிட்டு ஜொகூர் பக்கமே கிடந்தேன்." பிறகு அவரே தொடர்ந்தார். "உங்கிட்ட சொல்லிடலாம்னு நான் சொன்னேன். வேணவே வேணாம்னுட்டா. சொன்னா நீ சிரிக்க மாட்டியாம். சனிக்கிழமை கெட்டுப் போயிடும்னு சொன்னா."

அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன் அக்கா. இது என்ன நியாயம்? சொல்லவும் வேண்டும், எனக்குத் தெரியவும் கூடாது! நான் வாங்கியிருந்தால் நீங்கள் வேண்டாம் என்று தட்டியிருப்பீர்களோ என்னவோ. ஆனால் கேட்டிருப்பேனே. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், செவ்வாய்க்கிழமைகளில் அந்த நீண்ட பெஞ்சில் உங்கள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். காத்திருக்கிற சனத்துக்கெல்லாம் நீங்கள் பட்டப்பெயர் வைத்திருப்பீர்கள். மருத்துவருக்கு மூன்று மதிப்பெண் போட்டிருப்பீர்கள். அங்கேயும் நான் சிரித்திருப்பேன், நீங்கள் அதை நம்பியிருக்கலாம்.

அந்த நாளின் தாள் என்னிடம் இருக்கிறது. எல்லாத் தாளையும் கிளிப்பில் போட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. இடது பக்கம் ஒன்பது. வலது பக்கம் என் நாலு, அதன் கீழே 'நம்பும்படி இல்லை' என்று என் குறிப்பு. அடித்துத் திருத்தலாம் என்று பேனாவை எடுத்தேன். திருத்தவில்லை. நான் என்ன பார்த்தேன், என்ன பார்க்கவில்லை என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி. மடித்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கிளினிக்கில் அட்டை எழுதும்போது கைக்குப் படுகிறது.

அன்று அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணனும் கேட் வரைக்கும் கூட வந்தார். பத்தடிதான் இருக்கும். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்ச தூரம் நடந்தாலே இப்பெல்லாம் மூச்சு வாங்குது. வயசுதானே, ஒண்ணுமில்ல. நீ போம்மா, இருட்டிடும்."

சரிண்ணே என்று சொல்லிவிட்டு நான் தெருவில் இறங்கிவிட்டேன். என் வீட்டு கேட்டில் கைகூட வைத்துவிட்டேன்.

அப்புறம் திரும்பிப் போனேன். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே படியில் நானும் உட்கார்ந்தேன்.

"எத்தனை நாளாண்ணே?" என்று கேட்டேன்.